காய் விழாதவனின் பாட்டு

அந்தப் பாட்டு நீ கட்டினது இல்லை. மேடைக்கு மேடை உன் பாட்டு என்று சொல்கிறாய். பொய்.

முகத்துவாரக்குப்பத்தில், படகு போகாத மத்தியானங்களில், ஏலக்கூடத்து நிழலில் கேரம் ஆடினோம். நீ, நான், அவன். சட்டம் நாமே போட்டது. ஒரு காயும் போடாமல் ஸ்ட்ரைக்கரைக் கைமாற்றுகிறவன் பாட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் போர்டு ஓரத்தில் தாளம் தட்டுவோம். எட்டுத் தட்டுக்குள் வரி வர வேண்டும். வராவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான்.

அவனுக்கு வலது ஆள்காட்டி விரல் மடங்காது. படகு இன்ஜின் பெல்ட்டில் மாட்டின விரல். சுண்டினால் ஸ்ட்ரைக்கர் கோணலாக ஓடும்.

"இன்னா மாமு, ஸ்ட்ரைக்கர் கடலுக்குப் போவுதா?" என்பாய்.

"போவட்டும் நைனா. நீ தாளத்தைத் தட்டு."

எட்டாவது தட்டுக்குள் வரி வந்துவிடும். ஒருநாள் இப்படி வந்தது:

மொகத்துவாரம் தொறந்துகீது, மீனு வரலையே

அடுத்த முறையும் அவனுக்குக் காய் விழவில்லை.

மூணு வலை காஞ்சுகீது, நானு அழலையே

தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நீயும் சிரிக்கவில்லை.

நீ நல்ல ஆட்டக்காரன். உட்கார்ந்தால் ஒரு காயாவது போடாமல் விடமாட்டாய். அதனால்தான் அந்தப் பாட்டில் உன் வரி ஒன்றே ஒன்று, கன்டெய்னர் லாரியைப் பற்றினது. அது சுமார். என்னுடையது நாலு. மிச்சமெல்லாம் அவனுடையது. குரல் உன்னுடையதுதான், அதை யாரும் மறுக்கவில்லை.

போன வருஷம் அவன் நெஞ்சுவலியில் போய்விட்டான். போன வாரம் அவன் மனைவி மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். உள்ளே அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது.

"இது எங்க வூட்டுக்காரரு பாட்டு" என்றாளாம்.

டிரைவர் போனில் உன் பேரைக் காட்டியிருக்கிறான். "பேரு போட்டுகீது பாரும்மா. உன் வூட்டுக்காரரு இதுல எங்க கீறாரு?"

ஆட்டோ முழுக்கச் சிரித்திருக்கிறது. பாதி வழியில் இறங்கி, கூடையைச் சுமந்துகொண்டு நடந்தே என் வீட்டுக்கு வந்தாள்.

"காயே போடாம பாட்டு கட்னேன்னு சொல்வாரே. அவரு என்கிட்ட பொய் சொன்னாராண்ணா?"

இல்லை என்று சொன்னேன். நான் சொல்லி அவள் முகம் மாறவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு நம் குப்பத்துக்கே பாட வருகிறாய். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. எனக்குத் தனியாகப் போன் பண்ணாதே. அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு காயும் போடாமல் நீ எத்தனை முறை ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தாய்? பாடுவதற்கு முன்னால், அவளைப் பார்த்து, மைக்கில் சொல்.