படிச்சிட்டுக் கூப்பிடு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சும்மா வராது. ரௌட்டரில் ஏதோ கோளாறு என்று கிளையிலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "எந்த வெர்ஷன் ஓடுது?" அதற்கு, "அதெல்லாம் தெரியாது மேடம், நெட் வரல" என்று ஒருவர் சொல்வார் பாருங்கள், அப்புறம் என் வாய் சும்மா இருக்காது.

நான் வேலை பார்ப்பது திருச்சியில், பாலும் தயிரும் விற்கிற ஒரு கம்பெனியில். லால்குடி, சமயபுரம், மணப்பாறை என்று சுற்றிலும் எங்களுக்குக் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரௌட்டர். காலையில் எவ்வளவு பால் வந்தது, எந்த வண்டி எங்கே போகிறது என்பதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் தலைமை ஆபீசுக்கு வரவேண்டும். பெட்டி படுத்தால் என் தலை உருளும்.

பெட்டி வெறும் தகரம். அதற்குள் ஓடுகிற மென்பொருள்தான் எல்லாம். அந்த மென்பொருளுக்கு மேனுவல் இருக்கிறது. தயாரித்தவர்களே எழுதி அவர்களுடைய தளத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. நெட்டில் தேடினால் முதலில் வருவது யாரோ யாருக்கோ என்றைக்கோ சொன்ன அரைகுறைப் பதில். அதை நம்பிக் கை வைத்தால் போச்சு. தயாரிப்பாளர் தளத்துக்கே போனாலும் போன வருஷம் இருந்த பக்கம் இந்த வருஷம் இருக்காது, வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொல்லாமல் போன குடித்தனக்காரர் மாதிரி. அதையும் தாண்டிப் போனால் ஒரே புத்தகம் பத்து வெர்ஷனுக்குப் பத்து விதமாக இருக்கும். நம்முடைய பெட்டியில் எது ஓடுகிறதோ அதற்கான புத்தகத்தை எடுக்கவேண்டும். அதிலும் வழிகாட்டி வேறு, கட்டளை அகராதி வேறு. எனக்குப் பிடித்தது அகராதிதான். ஒவ்வொரு கட்டளைக்கும் எப்படி எழுதுவது, எழுதாவிட்டால் என்ன ஆகும், எந்த வெர்ஷனிலிருந்து வந்தது என்று வரிசையாக இருக்கும். கடைசியில் 'பயன்படுத்தும்போது கவனிக்கவேண்டியவை' என்று ஒரு பத்தி. அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போய் உதாரணத்தைக் காப்பி அடிப்பார்கள். விஷயமெல்லாம் அந்தப் பத்தியில்தான் இருக்கும்.

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை உதாரணத்தைக் காப்பி அடித்தேன். பல வருஷத்துக்கு முன்னால், சமயபுரம் ரௌட்டரில். மேனுவலில் உதாரணத்துக்கென்று சில நெட் முகவரிகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த இயந்திரத்துக்கும் அந்த முகவரி கிடையாது, புத்தகத்தில் எழுதிக் காட்டுவதற்கு மட்டும்தான். எங்கள் முகவரியைப் போடவேண்டிய இடத்தில் நான் அதையே அப்படியே தட்டி என்டரையும் அழுத்திவிட்டேன். சமயபுரம் அந்த நிமிஷமே செத்தது. இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது, இங்கிருந்து அதைக் கூப்பிடவும் வழியில்லை. நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அம்மனுக்கு விசேஷம். மஞ்சள் புடவைக் கூட்டத்துக்கு நடுவே பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனோம்.

போனோம் என்றேனே, நானும் அவளும். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பதினான்கு வருஷம் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். அன்றைக்கு மேனேஜர் கேட்டபோது, "லைன் ப்ராப்ளம் சார்" என்று முகம் மாறாமல் சொன்னவள் அவள்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உதாரணத்துக்கு ஒரு முகவரி கொடுத்தா அங்கேயே குடி போயிடுவீங்களாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் வழக்கம். எந்த ரௌட்டரில் கை வைப்பதானாலும் தனியாக வைக்கக்கூடாது. ஒருத்தி மேனுவலைத் திறந்து வைத்துக் கட்டளையைப் படிப்பாள், இன்னொருத்தி தட்டுவாள். தட்டியதை அப்படியே திருப்பி வாசிப்பாள். இரண்டும் ஒன்றுதான் என்றால் படிப்பவள் "போடு" என்பாள். அதற்கப்புறம்தான் என்டர். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து பாராயணம் செய்வது போல இருக்கும். மாடியிலிருக்கும் கணக்குப் பிரிவு ஆட்கள் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும், அதற்கப்புறம் ஒரு கிளைகூடச் சாகவில்லை.

போன வருஷம் மணப்பாறைக் கிளையைப் பெரிதாக்கினார்கள். அங்கேயே ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவள் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம்தான் ஊர், மாமியாரும் தனியாக இருக்கிறார். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். "முறுக்கு வாங்கிட்டு வரேன்னு மட்டும் சொல்லாத, எனக்குப் பல்லு சரியில்ல" என்றேன். அவள் கண் கலங்கினாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஃப்ளாட். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ், சாயங்காலம் அதே பஸ். பாலத்தில் ஏறும்போது காவிரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதைச் சொல்வதற்கு ஆபீசில் ஆள் இருந்தது, இப்போது இல்லை. ரௌட்டரில் கை வைக்கும்போது நானே படித்தேன், நானே தட்டினேன், திருப்பி வாசித்தேன், நானே "போடு" என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பெருக்க வந்த அம்மா, "யார்கிட்டம்மா பேசறீங்க?" என்று கேட்டார். வாய்க்குள் முணுமுணுக்கப் பழகிக்கொண்டேன்.

அவள் தினமும் பதினொன்றரைக்குக் கூப்பிடுவாள். "அக்கா, ஒரு டவுட்." ஒருநாள் ஏதாவது ஒரு கட்டளை, இன்னொரு நாள் வேறு ஒன்று. எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. ஆரம்பத்தில் பொறுமையாகச் சொன்னேன். மேனுவலில் சரியான பக்கத்தை எடுத்து லிங்க் அனுப்புவேன். டவுட் தீர்ந்ததும் போனை வைக்கமாட்டாள். "சாப்பிட்டீங்களா? இன்னிக்கு என்ன குழம்பு? முட்டி வலி தேவலையா?" என்று இழுப்பாள். "வேலை கிடக்கும்மா" என்று நான்தான் வைப்பேன். இவளை நம்பி ஒரு கிளையை ஒப்படைத்திருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு.

ஐப்பசி மாதம், நல்ல மழை. தலைமை ஆபீசில் எல்லா லைனையும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் சுவரில் துளை போடுகிற சத்தம், இன்னொரு பக்கம் மேனேஜர் வந்து தலைமாட்டில் நிற்கிறார். போன் அடித்தது.

"அக்கா, ஒரு டவுட். அந்த ஆக்சஸ் லிஸ்ட்ல..."

"ஏம்மா, பதினாலு வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்த. இது கூடவா தெரியாது? மேனுவல்னு ஒண்ணு எதுக்கு எழுதி வச்சிருக்கான்?"

"இல்லக்கா, அது வந்து..."

"லிங்க் அனுப்பறேன். மொதல்ல படி. படிச்சிட்டுக் கூப்பிடு."

"சரிக்கா" என்றாள். நான் லிங்கை அனுப்பினேன்.

மறுநாள் பதினொன்றரைக்குப் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பரவாயில்லையே, படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. ஆபீஸ் விஷயமெல்லாம் மெயிலில் வரும், 'முடிந்தது, நன்றி' என்று. பொங்கல் போனது. மணி பதினொன்றரை ஆனால் கை தானாகப் போனைத் திருப்பிப் பார்க்கும். நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எனக்கு என்ன டவுட் இருக்கிறது, நான் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

மாசியில் எல்லாக் கிளைகளுக்கும் புது ரௌட்டர் வந்தது. புதிய வெர்ஷன். பழைய பெட்டியில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் புதிய அகராதியில் தேடிப்பார்க்க வேண்டும். சில கட்டளைகளை எடுத்திருப்பார்கள், சிலவற்றுக்குப் பெயரை மாற்றியிருப்பார்கள். லால்குடியை முடித்துவிட்டு மணப்பாறையை எடுத்தேன். கிளையில் யாராவது ரௌட்டரில் ஏதாவது மாற்றிச் சேமித்தால், அதன் நகல் ஒன்று தேதி, நேரத்தோடு என் இயந்திரத்துக்கு வந்து சேரும். நான்தான் அப்படி அமைத்திருந்தேன். வந்த நகல்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை, நான் உட்பட. அன்றைக்குத்தான் மணப்பாறை நகல்களைத் திறந்தேன்.

அவள் எழுதியிருந்தது அவ்வளவு சுத்தம். ஒரு வரி கூடுதல் இல்லை, ஒரு வரி குறைவில்லை. ஒரு கட்டளையைப் பார்த்ததும், அட, இதைத்தானே அன்றைக்குப் போனில் கேட்டாள் என்று ஞாபகம் வந்தது. நகலில் இருந்த தேதியைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து அவளுக்கு லிங்க் அனுப்பிய தேதியைப் பார்த்தேன். கட்டளையை எழுதிச் சேமித்துவிட்டு, மூன்று நாள் கழித்து என்னைக் கேட்டிருக்கிறாள்.

ஏதோ குழப்பம் என்று அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்தது ஒரு வாரம் முன்னால் எழுதியது. அனுப்பிய லிங்குகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றில்கூட அவள் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகுதான் டவுட் கேட்டிருக்கிறாள்.

அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். அவளையல்ல, என்னை. எனக்கு அழுகை வந்தது. ஆபீசில் நான் அழுததில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவளுக்கு என்னிடம் பேசவேண்டும், அவ்வளவுதான். காரணமில்லாமல் கூப்பிட்டால் இந்தச் சிடுமூஞ்சி எரிந்து விழும் என்று தெரிந்து, தினமும் ஒரு காரணத்தைத் தயார் செய்திருக்கிறாள். எனக்கும் அவளிடம் பேசத்தான் வேண்டியிருந்தது. அதை நான் பதினொன்றரை மணி வரும்போதெல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

கூப்பிடலாம் என்றால் எப்படி ஆரம்பிப்பது? மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நாமும் ஒரு டவுட் கேட்போம் என்று புதிய அகராதியைப் புரட்டினேன். சிரிக்காதீர்கள், நான்கு நாள் தேடினேன். எனக்குப் புரியாத ஒரு வரி அகப்படவில்லை. கடைசியில் மணப்பாறைக்குத் தேவைப்படாத ஏதோ ஒரு கட்டளையைப் பிடித்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு கூப்பிட்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு டவுட்டும்மா." கட்டளையின் பெயரைச் சொன்னேன்.

"அது நமக்கு வேண்டாமேக்கா. மேனுவல்லயே போட்டிருப்பானே."

"போட்டிருக்கான். என் முன்னாடிதான் தெறந்து கெடக்கு." அதற்கு மேல் நடிக்க முடியவில்லை. "டவுட்டெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உன்கிட்ட பேசணும்போல இருந்துச்சு. நீ கேட்டதெல்லாமும் டவுட் இல்லன்னு இப்பத்தான் பாத்தேன். நான் ஒரு மடச்சி. அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"ஐய, அதை விடுங்கக்கா." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னிக்கு வேற விஷயமாத்தான் கூப்பிட்டேன். கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. திருச்சியிலதான் ஆபரேஷன். அவரால பையனையும் மாமியாரையும் விட்டுட்டு ராத்திரி தங்க முடியாது. ஒரு ரெண்டு நாள் நீங்க வந்து கூட இருப்பீங்களான்னு கேக்கலாம்னு. எடுத்த எடுப்புல எப்படிக் கேக்கறது? அதான் ரௌட்டர்ல ஆரம்பிச்சேன்."

ஐப்பசிக் கடைசியில் அவளிடமிருந்து பதினைந்து நாள் லீவு என்று மெயிலில் தானாக ஒரு பதில் வந்திருந்தது. பையனுக்குப் பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்து மூடியிருந்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம். தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லக்கா. நர்ஸுங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

எத்தனை நாள் இருந்தாள், என்ன கொடுத்தார்கள், எழுந்து நடக்க எவ்வளவு நாள் ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

"ஞாயித்துக்கிழமை பொறப்பட்டு வரட்டுமா? ஒரு நாள் உன்கூட இருந்துட்டு வரேன்."

"எதுக்குக்கா அலைச்சல்? இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.