பட்டினித் தொட்டி

கடல் நத்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் சித்தியின் வேலை. கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடமாகத் தொட்டி கழுவி, தண்ணீர் மாற்றி, தீனி போட்டு வந்தாள். அவளுடைய வேலை அட்டையைக் காட்டினால்தான் சித்தப்பாவுக்கு இன்சுலின் கிடைக்கும். அதை வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் வந்திருந்தது.

அப்போது நடந்த சோதனையும் சர்க்கரையைப் பற்றியதுதான். தின்ற நத்தையின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பட்டினி கிடந்ததன் ரத்தத்தில் எவ்வளவு, ஊர்ந்து அலைந்தால் அது என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரு தொட்டிக்குத் தினமும் பதினோரு மணிக்கு நறுக்கிய மட்டிச் சதை. பக்கத்துத் தொட்டிக்கு இருபது நாள் ஒன்றுமே கிடையாது. ரத்தம் எடுக்கும் உதவியாளரை எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வீட்டுல ஒரு சர்க்கரை, இங்க நாப்பது சர்க்கரை. உங்க பொழப்பே இனிப்புதான்க்கா."

"வாயை மூடிக்கிட்டுக் குத்து. நெளியுது பாரு."

பதினேழாம் நாள் ஊசி கேலி பேசவில்லை. பட்டினித் தொட்டியில் சர்க்கரை இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. ஆராய்ச்சியை நடத்தும் சார் சித்தியைக் கூப்பிட்டார்.

"பாவம் பாத்து ஏதாவது போட்டீங்களாம்மா?"

"இல்ல சார்."

"உங்க கையைத் தவிர யார் கை அதுக்குள்ள போகும்? வெள்ளிக்கிழமை உங்க அட்டையில நான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள உண்மையைச் சொல்லுங்க."

வீட்டில் சித்தப்பா மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"போட்டேன்னு ஒத்துக்கோயேன். மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்க."

"போடாததை எந்த வாயால போட்டேன்னு சொல்றது?"

"அப்ப நான் பாதிப் பாதியா குத்திக்கறேன். கொஞ்ச நாள் கூட வரும்."

"குத்திப் பாருங்க. நானே கொன்னுடுவேன்."



வியாழக்கிழமை காலையே ஸ்டூலைப் போட்டுப் பட்டினித் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாகத் தீனி போட்ட கையோடு கடல் தண்ணீர் இறைக்கப் போய்விடுவாள். அன்று தீனி போடும் வேலையை ஊசியிடம் விட்டாள். பக்கத்துத் தொட்டியில் மட்டி விழுந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பட்டினி கிடந்த நத்தைகள் மூக்குக் குழலை நீட்டித் துழாவின. பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கண்ணாடியில் ஏறின, இறங்கின, சுற்றின. இல்லாத தீனியைத் தேடி அலைந்தன.

சித்தி குனிந்து, தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்னால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் நின்றுபோனது. ஸ்டோரில் கேட்டபோது அடுத்த மாதம் என்றார்கள். நத்தைகள் செத்துவிடுமே என்று, தீனித் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு குழாய் போட்டு இதற்குத் திருப்பியவள் அவள்தான். தீனித் துணுக்கு வராமலிருக்கத் துணி கூடக் கட்டியிருந்தாள். வாசனையைத் துணி தடுக்காது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் ஏறிக் கிடந்தவற்றைப் பார்த்தபோதெல்லாம் பசி போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

குழாயை உருவி எறிந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் திருட்டுத்தனமாகத் தீனி போட்டவள் என்ற பேர் நிற்கும். சொன்னால், சோதனையைக் கெடுத்தவள். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். போய்ச் சொன்னாள்.

சார் வந்து குழாயையும் நத்தைகளையும் பார்த்தார்.

"நீங்க தீனி போடல. நம்புறேன். அலைஞ்சதுலதான் சர்க்கரை ஏறியிருக்கும். ஆனா இத்தனை நாள் எடுத்த கணக்கு எதுக்கும் உதவாதும்மா. குழாயைப் பத்தி ஏன் சொல்லல?"

"மோட்டார் நின்னதை ஸ்டோர்ல சொன்னேன் சார்."

"நான் ஸ்டோர் இல்லையே."

வெள்ளிக்கிழமை அட்டையில் கையெழுத்து விழவில்லை. அனுமதியில்லாமல் தண்ணீர் இணைப்பை மாற்றியதாக எழுதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று காலையில்தான் புது மோட்டாரும் வந்தது. யாரும் சொல்லாமலே சித்தி அதை மாட்டினாள், குழாயைக் கழற்றினாள், தொட்டியைக் கழுவிப் புதுக் கடல் தண்ணீர் விட்டாள்.

"கிளம்பலையாக்கா?" என்று ஊசி மெதுவாகக் கேட்டான்.

"பதினொண்ணு ஆகட்டும்."

பதினொன்றுக்குப் பக்கத்துத் தொட்டியில் மட்டி விழுந்தது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினித் தொட்டியில் ஒன்றுகூட அசையவில்லை.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் பாட்டிலில் ஐந்து நாள் மருந்து மிச்சம் இருந்தது.