இரண்டு மச்சானும் ஒரு மெசினும்

போன செவ்வாய்க்கிழமை நான் ஓடு அழுத்தும் மெசினோடு கதைத்துக்கொண்டிருந்ததை மனேஜர் பார்த்துவிட்டார்.

"மெசின், களி இளகலாய்க் கிடக்குது. பார்த்து வைக்கச் சொல்லு" என்று நான் சொல்ல, மனுசன் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

எனக்குக் காய்ச்சல் இல்லை. கோபம்.

உங்களுக்குத் தெரியும் — ஞாயிற்றுக்கிழமைதான் நான் எழுத்தாளன். மற்ற நாட்களில் தண்ணீரூற்றுப் பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலையில் சுப்பர்வைசர். யார் களிமண் குழைப்பது, யார் சூளை அடுக்குவது என்று காலையில் ஆட்களைப் பிரித்துவிடுவது என் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த எனக்கு, யார் யாரோடு கதைபேச்சில்லை என்று எவரும் சொல்லித் தரவில்லை.

வந்த கிழமையே கந்தையாவையும் செல்லத்துரையையும் ஒரே மெசினில் விட்டேன். ஒருவர் களித்தட்டை வைக்கவேண்டும். மற்றவர் அழுத்திய ஓட்டை எடுக்கவேண்டும். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்லத்துரையின் தங்கையைத்தான் கந்தையா கட்டியிருக்கிறார். குடியேற்றத் திட்டத்தில் கந்தையா புதுவீட்டுக்குக் குடிபுகுந்தபோது, மச்சானுக்கு நேரில் போய்ச் சொல்லவில்லை. ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஆள்விட்டுச் சொன்னால் மானமுள்ள மச்சான் வருவானா? வரவில்லை. அன்றைக்கு முறிந்த கதைதான்.

ஆனால் வேலை? அப்படியொரு வேலையை நான் கண்டதில்லை. வெற்றிலை இல்லை, ஊர்ப் புதினம் இல்லை. ஏதும் அவசரமென்றால் மெசினிடம் சொல்வார்கள்.

"மெசின், களி இறுகிப்போச்சு" என்பார் செல்லத்துரை.

"தண்ணி தெளிக்கிறன் எண்டு சொல்லு, மெசின்" என்பார் கந்தையா.

ஓடு குவிந்தது. மனேஜர் என் முதுகில் தட்டினார். நானும் திட்டம் போட்டுச் செய்தவன் மாதிரிச் சிரித்துவைத்தேன்...

அப்போதுதான் கந்தையாவின் மனைவி அன்னலட்சுமி கேற்றடியில் வந்து நின்றார்.

"ஐயா, மூத்தவள் பெரியபிள்ளையாயிட்டாள். வாற வெள்ளிக்கிழமை தண்ணிவார்வை. தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் என்னெண்டு செய்யிறது? எனக்கிருக்கிறது ஒரே அண்ணன்."

"கந்தையாவை நேர போய்க் கூப்பிடச் சொல்லுங்கோவன்."

"இவர் அங்க வாசல் மிதிக்கமாட்டாராம். அண்ணை இவர்ர வாயால கேளாமல் வரமாட்டாராம். நடுவில நான்தான் கிடந்து சாகிறன்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் இவர்களைச் சேர்த்துவைத்தால் ஓடு குறையும். சேர்க்காவிட்டால் பிள்ளையின் சடங்குக்கு மாமன் இல்லை. நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?

நான் பிரித்தேன். மறுநாள் செல்லத்துரையைச் சூளைக்கு அனுப்பிவிட்டு, கந்தையாவோடு ஒரு புது ஆளை விட்டேன். மத்தியானத்துக்கிடையில் பாதி ஓடு கோணல். கந்தையா ஓடிவந்தார்.

"ஐயா, இந்தாளோட ஏலாது. முந்தி நிண்ட ஆளை விடுங்கோ."

"எந்த ஆள்?"

"அதுதான்... அவர்."

"அவர் வேணுமெண்டால் நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆள்விட்டுச் சொன்னால் அவர் வாற ஆள் இல்லையாமே?"

கந்தையா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு விறுவிறென்று சூளையடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். களி மிதித்துக் குழைத்தவர்கள் எல்லாம் களியிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே நின்று பார்த்தார்கள்.

"மச்சான், மெசினடிக்கு வாங்கோ."

செல்லத்துரை கையிலிருந்த ஓட்டை ஆறுதலாக இறக்கிவைத்தார். "மெசினடிக்கு மட்டுந்தானோ?"

"வெள்ளிக்கிழமை வீட்டையும் வாங்கோ. நீங்கள் வந்துதான் பிள்ளைக்குத் தேங்காய் உடைக்கோணும்."

"பின்னை வேறை ஆர் உடைக்கிறது?" என்றார் செல்லத்துரை. யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது — நான்தான்.

வெள்ளிக்கிழமை தேங்காய் சரிபாதியாக உடைந்ததாம். அன்னலட்சுமி முகத்தில் அப்படியொரு பூரிப்பாம். இப்போது மச்சான்மார் இருவரும் மெசினடியில் வாய் ஓயாமல் கதைக்கிறார்கள். விட்டுப்போன கதை முழுவதையும் கதைத்து முடிக்கவேண்டுமே. ஓடு குறைந்துவிட்டது. மனேஜர் என் முதுகில் தட்டுவதையும் நிறுத்திவிட்டார். அதற்காகவெல்லாம் நான் கோபிக்கிறவன் இல்லை.

'உடைந்ததாம்' என்றேனே, கவனித்தீர்களா? நான் போகவில்லை.

எனக்கு ஆள்விட்டல்லவா சொன்னார்கள்.