மச்சினன் தட்டிய கதவு

கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவரை டிங்கர் என்றுதான் அழைத்தார்கள். தூணில் இடித்த கதவு, சுவரில் உரசிய பின்பக்கம், மாடு முட்டிய பானெட், எதுவானாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். தகரத்தின் மேல் உள்ளங்கையைத் தவழவிட்டாலே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளர்கள் வாயாரப் புகழ்வார்கள். வீட்டில் மட்டும் அவர் வேலையைப் பற்றி யாரும் பேச்செடுத்ததே இல்லை. கைகழுவும் தொட்டியில் கறை பிடிக்கிறது என்று மாமியார் ஒருமுறை சொன்னதோடு சரி. அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை, மச்சினன் கதவு ரிப்பேர் செய்யக் கிளம்பும் வரைக்கும்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. ஒரு நாள் அவன் காரின் கதவில் யாரோ தள்ளுவண்டியால் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவன் அத்தானிடம் வரவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு, கதவில் வெந்நீரை ஊற்றி, பாத்ரூம் அடைப்பு எடுக்கிற ரப்பர் குமிழை வைத்து அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தான். ‘டொப்’ என்று பள்ளம் வெளியே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. டிங்கர் போய் இறங்கும்போது மொத்தக் குடும்பமும் வாசலில் காரைச் சுற்றி நின்றது.

“தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை! எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்!” என்றாள் மாமியார்.

டிங்கர் தொட்டுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குறை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பெயிண்ட்கூட உரிந்திருக்கவில்லை.

“இது அகலமான ஒடுக்கு அத்தை. ஆழம் கெடையாது. யாரு இழுத்தாலும் வந்துடும்.”

“யாரு இழுத்தாலும் வரும்னா, அப்புறம் உங்க கடைக்கு எதுக்கு மாப்பிள்ளை வர்றாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சாப்பிடும்போது மச்சினன் தட்டில் மாமியார் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். டிங்கர் தன் தட்டைப் பார்த்தார். எத்தனை கதவுகளைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்! ஒரு கதவுக்காவது இப்படி யாராவது கூடி நின்றிருப்பார்களா? அவர் செய்தால் தொழில், அவன் செய்தால் திறமை. பாதிச் சோற்றிலேயே எழுந்து கைகழுவப் போனார்.

அதற்கப்புறம் மச்சினன் பேச்சு வந்தாலே அவர் முகம் சுருங்கிவிடும். “தம்பிக்கு எவ்வளவு பொறுமை பாருங்க” என்று மனைவி சாதாரணமாகத்தான் சொல்வாள். அவர் சட்டென்று எழுந்து பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். பட்டறையில் கஷ்டமான வேலை ஒன்று நல்லபடியாக முடிந்தால், முன்பெல்லாம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வார். இப்போது ‘இதை அவனால முடியுமா?’ என்றுதான் முதலில் தோன்றியது.

இத்தனைக்கும் அவர் மனைவியின் கார்க் கதவே பல மாதங்களாக நசுங்கித்தான் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் இடத்துத் தூண் ஒன்று கைப்பிடிக்குக் கீழே கோடு போட்டது போல மடித்துவிட்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் “அடுத்த வாரம்” என்பார். அந்த வாரம் வந்தபாடில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்த வண்டி ஒன்றை ஒப்படைக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் அவருக்கு மூச்சு மாதிரி. ஆனால் அது தன் வீட்டு வாசலிலிருந்து வந்தது. மனைவியின் காரில் கதவின் உள்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, கையை உள்ளே நுழைத்து மச்சினன் தட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் குமிழ் தோற்றுப் போய் ஓரமாகக் கிடந்தது. மனைவி பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

“நீங்க பிஸியா இருக்கீங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்” என்றாள்.

டிங்கர் வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே சத்தம் வந்தது. மடிந்த தகரத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீவிக்கொண்டு வரவேண்டும். இவனோ நட்டநடுவில் ஓங்கி அடிக்கிறான். தகரம் இழுபட்டுத் தளர்கிறது. சத்தம் மாறுவது அவருக்கு நன்றாகக் கேட்டது. முதலில் கணீர் என்று, பிறகு சொத்தையாக. இனி இங்கே அமுக்கினால் அங்கே உப்பும், டப்பா மூடி மாதிரி. போய்த் தடுக்க இருபது எட்டுகூட வேண்டாம். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

சட்டையெல்லாம் வேர்வையாக மச்சினன் வாசற்படியில் வந்து நின்றான்.

“அத்தான், என்னமோ சரியா வரல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”

எப்போதும் ‘வாடா போடா’ என்று பேசுபவர், “நீங்க பாத்துக்குங்க மச்சான். உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

அவன் சற்று நேரம் அவரையே பார்த்தான். பிறகு திரும்பிப் போனான். சாயங்காலம் அக்காவிடம் என்னவோ சொல்லிவிட்டு அவள் காரையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். டிங்கருக்கு ஒரே குஷி. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி வழியில்லாமல் வண்டி தன் பட்டறைக்குத்தான் வரும், அப்போது மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று கணக்குப் போட்டார்.

வண்டி வரவில்லை. போன்தான் வந்தது. ஊரின் மறுகோடியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பட்டறை வைத்திருந்த சுருட்டைதான் பேசினான். தலைமுடி சுருட்டை என்பதால் அந்தப் பெயர். அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்க்காமலிருக்கவே டிங்கர் சுற்றுவழியில் போவது வழக்கம்.

“அண்ணே, அக்காவோட வண்டி நம்ம கடையில நிக்குது. முடிஞ்சுருச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான்...”

டிங்கர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டறையை அப்படியே போட்டுவிட்டுப் போனார். மச்சினன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். சுருட்டை அவரை ஓரமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னான்:

“தகரம் ரொம்ப இழுபட்டுப் போச்சுண்ணே. சூடு காட்டிச் சுருக்கித்தான் எடுத்தேன். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. வயசாக ஆகக் கை ஓடாது. எல்லாருக்கும் உள்ளதுதான்.”

டிங்கருக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கேவலமான வேலை தன்னுடையது என்று நினைத்துவிட்டான்! வாயைத் திறப்பதற்குள் மச்சினன் குறுக்கே வந்தான்.

“ஐயோ, அது நான் தட்டினதுங்க. அத்தான் கையே வைக்கல.”

சுருட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணே அப்ப ஊர்ல இல்லையா?”

“இருந்தேன்” என்றார் டிங்கர். “வீட்லதான் இருந்தேன்.”

சுருட்டை தலையாட்டினான். சாவியை நீட்டினான். வெளியே வரும் முன் டிங்கர் கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். எந்த இடம் என்று தெரியவில்லை. பொறாமையில் உள்ளே என்னவோ பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனாலும் திரும்பி, “நல்லா எடுத்திருக்கப்பா” என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

திரும்பி வரும்போது மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சிக்னலில் சிவப்பு விழ, டிங்கர் வண்டியை நிறுத்தினார்.

“அடுத்த தடவை இந்த மாதிரின்னா என்னையக் கூப்பிடுடா” என்றார் கடைசியில்.

“கூப்பிட்டேனே அத்தான்.”

அவன் குத்திக்காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். டிங்கர் பச்சை விளக்கு எரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினார்.

மனைவியிடம் அன்றைக்கே நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். “ஜன்னல் வழியா பேப்பர் தெரிஞ்சுது. ஒரு பக்கம்கூடத் திருப்பல நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குத் திட்டே தேவலாம்.

அடுத்த முறை எல்லோரும் கூடியபோது மாமியார் கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“கட்டினவரு கண்டுக்கல. என் புள்ளதான் அலைஞ்சு திரிஞ்சு நல்ல கடையாப் பார்த்துச் சரிபண்ணிக் குடுத்தான்!”

மச்சினன் தர்மசங்கடமாக நெளிந்தான். மனைவி டிங்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“ஆமா அத்தை, அவன்தான் செஞ்சான்” என்றார். வயிறு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது.