இருவர் ஆடும் சமையலறை

எங்கள் கல்லூரி நண்பர்களின் கைபேசிக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் அந்த ஆண்டில் தமக்குப் பிடித்த மூன்று வீடியோ கேம்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். இந்த ஆண்டு என் பட்டியல் தயார். முதல் இடத்துக்கான அந்த ஒரு வரிதான் வரவில்லை.

மூன்றாவது, ஒரு மலைத்தீவில் தபால் கொடுக்கும் விளையாட்டு. யாரும் யாரையும் அவசரப்படுத்தாத ஊர் அது. இரண்டாவது, வறண்ட நகரத்துக்குக் குடிநீர்க் குழாய் பதிப்பது. ஒரு தெருவுக்குத் தண்ணீரைத் திருப்பினால் இன்னொரு தெரு காயும். எனவே ஒவ்வொரு குழாய்க்கும் நான் நெடுநேரம் யோசிப்பேன்.

முதலாவது, இருவர் சேர்ந்து ஆடும் சமையலறை. ஒருவர் நறுக்க, மற்றவர் அடுப்பைப் பார்க்க, வாடிக்கையாளர் கேட்டதைக் குறித்த நொடிகளுக்குள் பரிமாற வேண்டும்.

என்னோடு அதை ஆடியவன் சமூகப்பணி முதுகலையில் உடன் படித்தவன். வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காகப் பாலக்கரையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் ஸ்ரீரங்கத்தில், கோயில் உற்சவங்களே நாட்காட்டியாக இருக்கும் வீட்டில் இருந்தேன். நாங்கள் காதலித்தோம். அக்காவின் கல்யாணம் முடிந்ததும் வீட்டில் சொல்வதென்று நான் தீர்மானித்திருந்தேன். அதுவரை மாலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காவிரியின் இரு கரைகளிலிருந்தும் ஒரே சமையலறைக்குள் நுழைவோம்.

முதல் நாளே தோற்றோம். திரையில் சிவப்பாக ஒரு சூப் வந்தது.

“சாத்தமுது! சாத்தமுது எடுத்து வை, சீக்கிரம்!”

அவன் சாதத் தட்டைக் கொண்டுபோய் வைத்தான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

“சாதம்னுதானே சொன்ன?”

“சாத்தமுதுடா. தக்காளி மிதக்கறது தெரியலை?”

“அது ரசம்ங்க, அம்மா தாயே! நீ அமுதுன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள அவன் சாப்பிட்டு ஏப்பமே விட்டுருவான்.”

எங்கள் வீட்டில் ரசம் என்ற சொல் புழங்குவதில்லை. பாயசம் திருக்கண்ணமுது, ரசம் சாத்தமுது. ஆனால் விளையாட்டில் நொடிகள் முக்கியம், அவன் சொன்னதே சரி. இரண்டே வாரத்தில் “ரசம் ரெடி!” என்று கத்தப் பழகிவிட்டேன். நடுவில் ஆறு ஓடும் கடைசிச் சமையலறை வரை முன்னேறினோம்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது என்னையறியாமல் கேட்டேன்: “அம்மா, இன்னும் கொஞ்சம் ரசம்.”

அம்மா சிரித்தாள். “ரசமா? புக்காத்துக்குப் போயிட்டு வந்தவ மாதிரின்னா பேசறா!”

கல்யாணமே ஆகாதவளுக்கு மாமியார் வீட்டுப் பேச்சா என்று அக்காவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிழையைத் திருத்துவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பவர்.

“யார்கிட்டேர்ந்து வந்தது இந்த வார்த்தை?”

அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றிருந்தால் நம்பியிருப்பார். என் முகம் அதற்குள் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. கை அலம்பிக்கொண்டு வந்து சொன்னார்: “நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். அக்காவுக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையாத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நீயே யோசி. எதையும் யோசிச்சுப் பண்றவளாச்சே நீ.”

யோசித்தேன். அந்த வாரமும் மருங்காபுரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், திருமணம் உங்கள் முடிவு என்று பெண்களிடம் பேசுவது என் வேலையாக இருந்தது. “நீங்களும் அப்படித்தான் பண்ணுவீங்களாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பும் பஸ்ஸில், இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுக்கச் சொல்லி அவனை அழைத்தேன்.

“அக்கா கல்யாணம், அப்புறம் அக்கா குழந்தை, அப்புறம் அப்பா உடம்பு,” என்று சிரித்தான். “நீ யோசிச்சுக் குழாய் போடுறதுக்குள்ள இந்தத் தெரு காஞ்சிரும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அப்பாவின் குரலையும் அவன் குரலையும் ஒருசேரத் தாங்க முடியவில்லை. “அப்போ நீ எனக்காகக் காத்திருக்க வேண்டாம்,” என்றேன்.



“சரிங்க,” என்றான்.

அந்த ‘ங்க’வில் இந்த முறை கேலி இல்லை. பிறகு ஏழு மணிக்கு அவன் வரவில்லை, நானும் அழைக்கவில்லை.

அக்காவின் நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை இலையிலிருந்து தலைநிமிர்ந்து, “மாமி, இன்னும் கொஞ்சம் ரசம் கிடைக்குமா?” என்று கேட்டார். வெளியூரில் ஹாஸ்டல், அறை என்று வளர்ந்த பழக்கமாம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சட்டென்று இலையில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் யோசிக்கத்தான் சொன்னார். முடிவெடுத்தது நான்.

நேற்று மாலை குழுவில் அவனுடைய பட்டியல் வந்தது. முதல் இடத்தில் அதே விளையாட்டு. காரணம்: “இரண்டு பேர் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.”

பல மாதங்களுக்குப் பிறகு அதைத் திறந்தேன். தனியாக ஆடுபவர் இரண்டு சமையல்காரர்களையும் மாற்றி மாற்றி இயக்கலாம். ஒருவர் நடக்கும்போது மற்றவர் அசையாமல் நிற்பார். ஆற்றுச் சமையலறைக்குப் போனேன். தக்காளியை நறுக்கி மறுகரைக்கு எறிந்தேன். அங்கே நின்றவன் கையை நீட்டவில்லை. அது தண்ணீரில் விழுந்தது. சூப் கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

லேப்டாப்பை மூடிவிட்டு என் பட்டியலை எடுத்தேன். முதல் இடத்துக்கு நேராக ‘ரசம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். குழுவில் யாருக்கும் புரியவில்லை. விழுந்து சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார்கள். பார்த்தவர்களின் பட்டியலில் சற்று நேரத்தில் அவன் பெயரும் சேர்ந்தது.