சுக்கான் பழகிய கால்

1. கோடவுன் வேலை

"ஆறு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கேட்டவர் சென்னையில் ஒரு சின்னச் சரக்கு விமானக் கம்பெனியின் மேனேஜர். அவர் கையில் என் பழைய லாக் புக் இருந்தது. ஆறு வருட உப்புக் காற்றில் அதன் அட்டை பூத்துப் போயிருந்தது. அவர் புரட்டப் புரட்ட மேசையில் பொடி உதிர்ந்தது.

"தோணி ஓட்டினேன் சார்."

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தோணின்னா?"

"பாய் கட்டுற தோணி. கருப்பட்டி, கருவாடு, ஓடு ஏத்துவோம். பெரியபட்டினத்துல இருந்து தூத்துக்குடி, நாகப்பட்டினம் போகும்."

கிளார்க் சொன்னார்: "அதுக்கும் இறக்கை உண்டா பாய்?"

மேனேஜர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கவலையைக் கூட்டியது. சிரிப்பவர்களிடம் பேசிவிடலாம்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எழுதுவது பொய்யாகத் தோன்றும். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நிற்பேன். அன்றைக்கும் சட்டைப்பையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன். காலாவதியான லைசென்ஸ்தான்.

"மெட்ரிக்கூட இல்லையே. எட்டாங்கிளாஸ் பாதியோட நின்னிருக்கீங்க."

"லைசென்ஸ் பரீட்சை எழுதுறப்பவும் எட்டாங்கிளாஸ்தான் சார். பாஸ் பண்ணினேன்."

"அது யுத்தம் முடிஞ்ச நேரம். ஆள் கிடைக்கல. இப்ப அப்படியா?" லாக் புக்கை மூடினார். "நல்ல மனுஷனா தெரியுறீங்க. கோடவுன்ல லோடிங் சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. பாரம் ஏத்தி இறக்கிப் பழக்கம் இருக்கு உங்களுக்கு. நாளைக்கே சேந்துக்கலாம்."

நல்ல வேலைதான். எங்கள் குடும்பம் இருந்த நிலையில் கும்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"நான் பைலட் சார். பைலட் வேலை காலின்னு நீங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க. அதுக்குத்தான் வந்தேன். ஓட்டத் தெரியலைன்னா வெளிய அனுப்புங்க. ஓட்டச் சொல்லிப் பாக்காம அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேனேஜர் மேசை டிராயரைத் திறந்தார். மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப்புக்கு ஒரு சீட்டு எழுதினார். அங்கே செக் ஃப்ளைட்டில் தேறினால் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வரலாம், செகண்ட் பைலட்டாக எடுத்துக்கொள்வார். தேறாவிட்டால் கோடவுன். கோடவுன் வேலைக்கான படிவத்தையும் என் எதிரிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்.

2. போனதும் நின்றதும்

கம்பெனிப் பையன்கள் கேட்பதுண்டு, பெரியபட்டினத்துக்காரன் விமானம் ஓட்டப் போனது எப்படி என்று. யுத்த காலத்தில் உச்சிப்புளிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் விமானத் தளம் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே பெட்ரோல் டின் சுமக்கப் போனேன். டின் சுமந்தவன் ஸ்பானர் பிடித்தேன். யுத்தம் முடிந்ததும் சென்னைக்குப் போய் கிளப் ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், மெக்கானிக் வேலை. அங்கேதான் பறக்கக் கற்றேன். சுதந்திரம் வந்த வருடம் கையில் 'பி' லைசென்ஸ், சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கானது. ஒரு தனியார் கம்பெனியில் டகோட்டா விமானத்தில் இரண்டரை வருடம் செகண்ட் பைலட்.

அப்புறம் வாப்பா வலது பக்கம் வாதம் வந்து விழுந்துவிட்டார். தோணி கரையில் கிடந்தது. இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். ஆறு மாதம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அது ஆறு வருடம் ஆனது. அதற்குள் நான் வேலை பார்த்த கம்பெனியையும் மற்றக் கம்பெனிகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. என் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் நான் கிளம்பவில்லை. பயம்தான். என் மனைவி கதீஜாதான் ஒருநாள் சொன்னாள்: "பிளேன் சத்தம் கேட்டா சோத்துல கைய வச்சிக்கிட்டே மேல பாக்குறீங்க. அது போயி மறையுற வரைக்கும் அடுத்த கவளம் இறங்குறதில்ல. போயி ஒரு தடவ கேட்டுட்டாவது வாங்களேன்."

3. புல்லில் ஒரு வட்டம்

கிளப்பில் டைகர் மாத் விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு ஸீட், திறந்த காக்பிட், பேசுவதற்கு ஒரு குழாய், பிரேக் கிடையாது. இரண்டு நாள் அதிகாலையில், காற்றில்லாத நேரம், அஸிஸ்டென்ட் இன்ஸ்ட்ரக்டரோடு இரண்டு மணி நேரம் பறந்தேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கை மறக்கவில்லை, கண் மறக்கவில்லை. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை என்று அவரே சொன்னார்.

மூன்றாம் நாள் பிற்பகல் செக். சீஃப் இன்ஸ்ட்ரக்டரை சீஃப் என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். மீசைக்காரர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவர் முன் ஸீட்டில், நான் பின்னால். கடற்காற்று எழும்பி வலப்பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் திறந்தேன். விமானம் ஓட ஓட வால் தரையைவிட்டுத் தூக்கியது. அந்த நேரம் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, மூக்கு வலப்பக்கம் ஓடியது. இடது பெடலை மிதிக்க வேண்டும். இடது மிதித்தால் மூக்கு இடது வரும், வலது மிதித்தால் வலது வரும். முதல் நாள் பாடம்.

நான் வலது பெடலை மிதித்தேன். பூட்ஸ் தேயத் தேய மிதித்தேன்.

விமானம் பம்பரம் மாதிரிச் சுற்றியது. இடது இறக்கை நுனி புல்லைக் கீறிக்கொண்டு ஒரு வட்டம் போட்டது. சீஃப் த்ராட்டிலைச் சாத்தியதால் அந்த அளவோடு போனது. புழுதி அடங்கியதும் குழாயில் அவர் குரல் வந்தது, நிதானமாக.

"என்னய்யா, வீட்டுக்குத் திரும்பிப் போறியா?"

கீழே இறங்கி இறக்கையைத் தடவிப் பார்த்தார். துணி கிழிந்திருந்தது, வேறொன்றுமில்லை. "ரெண்டு நாளா நல்லா ஓட்டினேன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் தப்புக் கால வச்சே?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா சரி பண்ண முடியாது." கிராம்பைத் துப்பினார். "மூணு வாரம் கழிச்சு வா. ஒரே தடவை. தெரிஞ்சுகிட்டு வா."

4. கதீஜாவின் அகப்பை

ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே மண்டபத்துக்கு ஓடு ஏற்றிக்கொண்டு தோணியில் போனோம். என் தங்கச்சி மாப்பிள்ளை மீரான் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நின்றார். நான் சுக்கானில்.

எங்கள் தோணியில் சுக்கான் பிடிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் பாய்க்கயிறு இருக்கும். ஆகவே சுக்கான் கட்டைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வலது காலால் கட்டையைத் தள்ளுவோம். கட்டையை வலப்பக்கம் தள்ளினால் தோணி இடப்பக்கம் திரும்பும். தோணியில் எல்லாம் எதிர்மறை.

சோழகக் காற்று தெற்கேயிருந்து, வலப்பக்கம் அடித்தது. அணியம் வலப்பக்கம் ஓடியது. என் வலது கால் தானாகப் போய்க் கட்டையை மிதித்தது. நான் மிதிக்கச் சொல்லவே இல்லை. நான் வேறு யோசனையில் இருந்தேன்.

காலைப் பார்த்தேன். அதே காற்று, அதே பக்கம், அதே ஓட்டம். ஆறு வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என் கால் இதைச் செய்திருக்கும்! மீனம்பாக்கம் புல்லில் நான் ஓட்டியது தோணி.

மண்டபத்தில் இறங்கியதும் மீரானிடம் சொன்னேன்: "மச்சான், இனி நான் சுக்கான்ல கால் வைக்க மாட்டேன்."

"திரும்பிப் போகணும்ல?"

"நீங்க பிடிங்க. நான் அணியத்துல நிக்கிறேன்."

"திங்கக்கிழம நாகப்பட்டினத்துக்குப் பாரம் கிடக்கு. அதுக்கு?"

"அதுக்கும் நீங்கதான்."

வீட்டில் பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. வாப்பா கட்டிலில் படுத்தபடியே கூப்பிட்டார். வாதம் விழுந்த பிறகு அவர் பேச்சு இழுத்து இழுத்து வரும்.

"ஏலே, என்னலே கால் சங்கதி? தோணிதான சோறு போட்டுச்சு."

"போட்டுச்சு வாப்பா. நானும் ஆறு வருசம் அதுக்கு உழைச்சேன். தங்கச்சிகளக் கட்டிக்கொடுத்தாச்சு. தோணி ஓட்ட மீரான் இருக்காரு. என் வேலைக்கு நான் போறேன்."

"அங்கன கவுத்திட்டு வந்திருக்கயாமே."

மீரான் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் நான்தான் உளறியிருந்தேன்.

"ஆமா வாப்பா. நீங்க கத்துக்கொடுத்த சுக்கானாலதான் கவுந்துச்சு. நல்லாக் கத்துக்கொடுத்துட்டீங்க."

வாப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த மூன்று வாரமும் கொல்லையில் ஒரு பலகைதான் எனக்கு விமானம். பலகையின் நடுவில் ஒரு முளை அடித்து, இரண்டு ஓரத்திலும் கால் வைத்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். கதீஜா எதிரே அகப்பையை நீட்டிப் பிடித்து நிற்பாள். அகப்பைதான் மூக்கு. அது என் வலப்பக்கம் ஓடினால் நான் இடது காலை மிதிக்க வேண்டும்.

முதல் நாள் பத்துக்கு ஆறு தப்பு. சொல்லிவிட்டு ஆட்டினால் சரியாகச் செய்தேன். சொல்லாமல் ஆட்டினால் பழைய கால் முந்திக்கொண்டது. அதனால் அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆட்டினாள்.

"மீன்காரி வந்தா, பாறை மீன் வாங்கவா, இல்ல..." என்று பாதியில் சட்டென்று அகப்பை வலப்பக்கம் ஓடும்.

தப்பு.

"இதுக்குத்தான் சென்னையில உங்களக் கூப்புடுறாங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நைனா முகம்மது பலகையில ஏறி மக்காவுக்குப் போறாப்புல" என்று என்னைக் காட்டிச் சொன்னான் ஒருத்தன். "இடம் இருந்தா சொல்லுங்க, நானும் வாரேன்" என்றான் இன்னொருத்தன். முன்பெல்லாம் அப்படி ஒரு பேச்சுக் கேட்டால் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன். இந்தத் தடவை முக்காலியை வேலி ஓரமாகவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நன்றாகப் பார்க்கட்டும்.

மூன்றாவது வாரம் அவள் எப்படி ஆட்டினாலும் தப்பு வரவில்லை. அகப்பைக் காம்புதான் உடைந்தது.

5. மூன்று மணிக் காற்று

சீஃப் நல்ல மனிதர். போனதுமே சொன்னார்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துரு. காத்து இருக்காது. சுலபமா முடிச்சிரலாம்."

"வேண்டாம் சார். இன்னைக்கு மூணு மணிக்கு வாரேன்."

"போன தடவை அந்த நேரத்துலதான்யா சுத்தினே."

"அதான் சார். காத்து இல்லாதப்ப பாஸ் பண்ணிட்டு, காத்து உள்ள அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்திருக்கவருக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்க தெரிஞ்சுகிட்டு வான்னீங்க. தெரிஞ்சுகிட்டேன். என் கால் தோணிக் கால் சார்." சுக்கான் விஷயத்தை முழுக்கச் சொன்னேன்.

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு காரணம் யாரும் சொன்னதில்ல" என்றார்.

மூன்று மணிக்கு மேனேஜரும் வந்து ஹாங்கர் நிழலில் நின்றார். கோடவுன் படிவம் அவர் பையில் இருந்திருக்கும். பின் ஸீட்டில் ஏறிப் பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மி சொன்னேன். அதற்குப் பிறகு, "வலது ஓடினால் இடது, இடது ஓடினால் வலது" என்று வாய்விட்டு மூன்று தடவை சொன்னேன். குழாய் திறந்திருந்ததால் முன்னால் இருந்தவருக்கும் கேட்டது.

வால் தூக்கியதும் காற்று வந்தது, அன்றைக்கு மாதிரியே. மூக்கு வலப்பக்கம் கிளம்பியது. என் வலது கால் துடித்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இடது முந்திக்கொண்டது. மூக்கு நேரானது. சக்கரம் புல்லைவிட்டது.

மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார். மூன்று தடவையும் காற்று இருந்தது. இறங்கியதும் சீஃப் இறக்கை மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேனேஜர் வந்து சொன்னார்: "போன மாசம் சேந்த பையனுக்கும் நீங்க ஜூனியர். பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார். அந்தக் கோடவுன் பேப்பரை மட்டும் என் எதிர்ல கிழிச்சிருங்க."

கிழித்தார்.

6. திரும்பி வருகிறவர்களுக்கு

பல வருடம் விட்டுப்போய்த் திரும்பி வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதை மறந்துவிட்டோமோ என்று பயந்து சாகாதீர்கள். மறந்தது எனக்கு இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. இடையில் என்ன பழகினீர்கள் என்று பாருங்கள். கை என்ன பழகியது, கால் என்ன பழகியது, நாக்கு என்ன பழகியது என்று பாருங்கள். என்னைச் சுற்றிவிட்டது அதுதான். பழகியதற்காக வெட்கப்படவும் வேண்டாம். அது சோறு போட்ட பழக்கம்.

பயம் எனக்குப் போகவே இல்லை. புதுக் கம்பெனி டகோட்டாவில் எனக்கு முதல் நாள். கேப்டன் என்னைவிட நாலு வயது இளையவர். இன்ஜின் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, டவரிலிருந்து கிளம்பலாம் என்று க்ளியரன்ஸ் வந்துவிட்டது. நான் முணுமுணுப்பதைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன பாய், துஆ ஓதுறீங்களா?"

"அது முடிஞ்சிருச்சு சார். இது வேற."

"சீக்கிரம். க்ளியரன்ஸ் வந்தாச்சு."

"இன்னும் ரெண்டு தடவ சொல்லணும் சார். அதுக்கப்புறம் போகலாம்."

அவர் த்ராட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.