பக்கக் காத்தும் ஏழு மீற்றர்க் கரவானும்

கரவான் இழுக்கிற தொழிலிலை முன்னாலை பார்த்து ஓடுறதைவிடப் பின்னாலை பார்த்துப் பயப்படுறதுதான் கூட. மாதா கோயில் பயணம், கலியாணம், கடற்கரை விடுமுறை எண்டு ஆரும் கேட்டால், என்ரை ஒன்பது ஆள் வானிலை சனத்தை ஏத்தி, பின்னாலை கரவானைக் கொழுவிக்கொண்டு போய் விட்டிட்டு வாறன். கரவான் ஏழு மீற்றர் நீளம், ரெண்டு அச்சு. கட்டில், குசினி, மேசை எல்லாம் வைச்ச ஒரு சின்ன வீடு. சொந்தக்காரரை ஏத்திக்கொண்டு தூரப் பயணம் போய், "கெதியா விடுங்கோ", "மெல்ல விடுங்கோ" எண்டு ரெண்டையும் ஒரே வாயிலையிருந்து கேட்டவை ஆரும் இதை வாசிச்சால், உங்களுக்கு நான் புதுசா ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான். இது ஆவணி மாசத்திலை லூர்துக்குப் போன ஒரு பயணம்.

கடை வாசலிலை ஒரு வீடு

என்னைக் கூப்பிட்ட மரியதாஸ் மன்னார் ஆள். எங்கடை தமிழ்க் கடையள் நிறைஞ்ச லாச்சப்பலிலை ஒரு மரக்கறிக் கடையிலை வேலை. மகளுக்குக் கிட்னி ஒப்பரேசன் நடந்து பிள்ளை தப்பினதுக்கு, மனிசி ஜெசிந்தா லூர்து மாதாவுக்கு நேத்தி வைச்சிருந்தவ. திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், மெழுகுதிரிப் பவனியிலை பிள்ளையோடை நடக்கோணும். மரியதாசுக்கு லீவு கிடைச்சதோ அந்த முதல் நாளிலையிருந்துதான். விடிய வெளிக்கிட்டு, எண்ணூறு கிலோமீற்றருக்கு மேலை ஓடி, பவனிக்கு முன்னம் போய்ச் சேரோணும்.

கரவான் நிக்கிறது நகரத்துக்கு வெளியிலை, வில்லியே லே பெல்லிலை. அங்கை வந்து சாமானை ஏத்துங்கோ எண்டு சொன்னன். கேட்டால்தானே! "சாமான் எல்லாம் கடையிலை இருக்கு அண்ணை, ஒருக்கா வாசலுக்குக் கொண்டு வாங்கோ" எண்டு ஒரே பிடியா நிண்டார். விடிய அஞ்சரைக்கு அந்தத் தெருவுக்குள்ளை ஏழு மீற்றரைக் கொண்டுபோய் நிப்பாட்டினன். ரெண்டு மூட்டை அரிசி, வறுத்த மா ஒரு பெரிய பை, தேங்காய், கிடாரம், காஸ் அடுப்பு. ஒரு ஊருக்கே ஒரு கிழமைக்குச் சமைக்கலாம். பின்னாலை பஸ் ஒண்டு வந்து மாட்டுப்பட்டுது. அது அடிச்ச ஹோர்னிலை மேல்மாடி யன்னல் எல்லாம் திறந்தது. பொலிஸ் வந்தால் பேர்மிக்கு, அதுதான் ஓட்டுற லைசென்சுக்குப் பிரச்சினை, பேர்மி போனால் என்ரை தொழிலும் போச்சு. பஸ் சாரதி இறங்கி வந்தார். கிடாரத்தைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரெஞ்சிலை ஆறுதலாக் கேட்டார்: "ஐயா, நீங்கள் பயணம் போறியளோ, இல்லை இஞ்சையே குடியிருக்கப் போறியளோ?"

குளியலறைத் தராசு

அண்டைக்குப் பலத்த மேற்குக் காத்து எண்டு காலநிலையிலை சொல்லியிருந்தவை. மரியதாஸ் அண்ணாந்து பார்த்து, "எங்கை அண்ணை காத்து, ஒரு இலையும் அசையேல்லை" எண்டார். நாலு பக்கமும் ஆறு மாடிக் கட்டடம். அதுக்கு நடுவிலை நிண்டு தேடினால் காத்து எங்காலை வரும்?

கரவானுக்குக் காத்தைவிடப் பெரிய எதிரி வால்பக்கப் பாரம். பாரமெல்லாம் நடுவிலை, சில்லுக்கு மேலை இருக்கோணும். மூக்குக் கொஞ்சம் பாரமா, வான்ரை கொழுவியை அமத்திக்கொண்டு நிக்கோணும். மூக்கு லேசாகி வால் பாரமாகினால், பக்கத்தாலை ஒரு காத்துத் தட்டினவுடனை வால் ஆடத் தொடங்கும். ஆட்டம் கூடினால் வானையும் இழுத்துக்கொண்டு பிரளும். அதாலை ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குளியலறைத் தராசு கொண்டு போறனான். மூக்கை அதிலை இறக்கி நிறை பார்ப்பன். அண்டைக்கும் பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கி நிண்டு, அரிசி மூட்டையளை நானே தூக்கி, சில்லுக்கு மேலை வாற மேசைக்குக் கீழை வைச்சுப்போட்டுப் பார்த்தன். தொண்ணூறு கிலோ, இருக்கவேண்டிய அளவு அச்சொட்டு.

ஜெசிந்தாவின்ரை தம்பி ரூபன் பக்கத்திலை நிண்டு பார்த்தான். ரெஸ்ரோரண்ட் குசினியிலை வேலை, ஆள் நூறு கிலோவுக்கு மேலை. இரவு வேலை முடிஞ்சு, ஒரு கண் படுக்காமல் நேரை வந்தவன். கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டான்: "உதென்ன அண்ணை, கரவானுக்கும் சீனி வருத்தமோ, நிறை பாக்கிறியள்?"

புல்லிலை ஒரு பாய்

ஒண்டரை மணித்தியாலம் ஓடி, ஓர்லியானுக்கு இஞ்சாலை ஒரு தரிப்பிடத்திலை நிண்டம். பாண் வாங்கிக் கடிச்சுக்கொண்டு போனால் எங்கடை ஆக்களுக்குப் பயணம் போன மாதிரி இராது. கரவானைத் திறந்து, மேசைக்குக் கீழை இருந்த அரிசியை இழுத்து ஒரு பக்கம் வைச்சு, புட்டுப் பெட்டியும் மீன்குழம்புச் சட்டியும் எடுத்து, புல்லிலை பாய் விரிச்சுச் சாப்பிட்டம். சாப்பிட்ட கையோடை நான் கோப்பி எடுக்கப் போனன். அங்கைதான் பிழை விட்டன்.

நான் பிறகு அறிஞ்சதை உங்களுக்கு இப்பவே சொல்லுறன். அரிசி மூட்டையளைத் திரும்ப மேசைக்குக் கீழை வைக்க ஆருக்கும் பஞ்சியும் அலுப்பும். அதையும் கிடாரத்தையும் வால்பக்கக் கட்டிலடிக்குத் தள்ளிவிட்டிச்சினம். அந்தக் கட்டிலிலை ரூபன் ஏறிப் படுத்திட்டான். ஓடுற கரவானுக்குள்ளை ஆள் இருக்கக்கூடாது, சட்டமும் விடாது, நானும் விடமாட்டன். ஜெசிந்தாவுக்கு அது வடிவாத் தெரியும். பாவம், தம்பி நித்திரையில்லாமல் நிக்கிறான் எண்டு புருசனுக்கும் சொல்லாமல் அவவே கதவைச் சாத்திவிட்டவ.

நான் கோப்பியோடை வந்தன். கதவுப் பூட்டுப் பழசு. முந்தி ஒருக்கா ஓட்டத்திலை கதவு திறந்து அடிச்சதாலை, வெளியிலை ஒரு கொண்டியும் ஆமைப்பூட்டும் போட்டு வைச்சிருக்கிறன். உள்ளுக்கை எட்டிப் பார்க்காமல் 'டக்' எண்டு பூட்டினன். வானுக்குள்ளை ரூபனைக் காணேல்லை. அவையின்ரை கூட்டாளிக் குடும்பம் ஒண்டும் காரிலை லூர்துக்கு வந்தது, அவை எங்களோடை சாப்பிட்டிட்டு அப்பத்தான் முன்னாலை வெளிக்கிட்டவை. தம்பி எங்கை எண்டு கேட்டன். ஜெசிந்தா என்ரை முகத்தைப் பாராமல் சொன்னா: "அவன் அவையின்ரை காரிலை ஏறிட்டான், நீங்கள் எடுங்கோ அண்ணை."

பிறேக் அடிக்காத நேரம்

ஓர்லியானுக்கு முன்னம் ஒரு பெரிய வெளி இருக்கு. கோதுமை வெட்டின காணியும் காத்தாலைக் கோபுரங்களும்தான், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. ரோட்டுக்கு மேலை பலகையிலை, பலத்த காத்து எண்டு செம்மஞ்சள் எழுத்து எரியுது. எண்பதிலையிருந்து எழுவத்தஞ்சுக்கு இறக்கினன். ஸ்ரேறிங் என்னவோ லேசா இருந்தது. கண்ணாடியிலை பார்த்தால் கரவான்ரை மூக்குக் கொஞ்சம் மேலை நிக்குது. தொண்ணூறு கிலோ நானே பார்த்தனான், பிறகேன் இப்பிடி எண்டு யோசிக்க, இடப்பக்கத்தாலை ஒரு பெரிய லொறி எங்களை முந்த வந்தது.

வலப்பக்கத்திலை அதுவரைக்கும் காத்தை மறிச்சுக்கொண்டிருந்த மண்ணணை முடிஞ்சுது. காத்து ஒரு அறை அறைஞ்சுது. அதே நேரம் லொறி தாண்டேக்கை கரவானைத் தன்ரை பக்கம் இழுத்தது. வால் இடப்பக்கம் போச்சு. வலப்பக்கம் வந்தது. திரும்ப இடப்பக்கம், முந்தினதைவிடக் கூட.

இந்த இடத்திலை பிறேக் அடிச்சால் அவ்வளவுதான். வான் நிக்கப் பார்க்கும், கரவான் நிக்காது, வந்து மடக்கிக்கொண்டு பிரளும். ஸ்ரேறிங்கை வெட்டினாலும் அதே கதைதான். காலை மெல்ல எடுத்து, ஸ்ரேறிங்கை நேரை இறுக்கிப் பிடிச்சு, பிறகு ஒண்டும் செய்யாமல் இருக்கோணும். எழுதேக்கை லேசாத்தான் இருக்கு.

அப்பத்தான் பின்சீற்றிலை ஜெசிந்தா குளறினா: "ஐயோ, தம்பி கரவானுக்கை! பிறேக்கை அடியுங்கோ!" என்ரை தோளைப் பிடிச்சு உலுப்புறா. மரியதாஸ் "என்னடி சொல்லுறாய்?" எண்டு கத்துறார். பிள்ளை பிரெஞ்சிலை அழுகுது. என்ரை கால், சத்தியமாச் சொல்லுறன், தானாப் போய்ப் பிறேக்கிலை நிண்டிட்டுது. அமத்தேல்லை. உள்ளுக்கை ஒரு மனிசன் உருளுறான், அவன்ரை அக்கா பின்னாலை நிண்டு குளறுறா, அவனைக் காப்பாத்த நான் செய்யவேண்டியது சும்மா இருக்கிறது. இப்பிடி ஒரு கொடுமை ஆருக்கும் வரக்கூடாது. "கையை எடு தங்கச்சி!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். எழுவது. அறுவத்தஞ்சு. ஆட்டம் அப்பிடியே. அறுவது. ஒருக்கா இடம், ஒருக்கா வலம், பிறகு கொஞ்சம் சின்னன், பிறகு இன்னும் சின்னன். அம்பதுக்கு வரேக்கைதான் கரவான் நேரானது.

நிப்பாட்டுவம் எண்டால் ஓரம் முழுக்க ரோட்டு வேலைக்குத் தடுப்பு. அடுத்த தரிப்பிடத்துக்கு மூண்டு கிலோமீற்றர். நாலு லைற்றையும் மினுக்கவிட்டு நாப்பதிலை ஊர்ந்தன். ரூபனுக்கு ஃபோன் அடியுங்கோ எண்டன். மரியதாஸ் அமத்தினார். மணி போகுது, ஆரும் எடுக்கேல்லை. மரியதாஸ் மெல்லப் பின்னாலை திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அது இஞ்சை, எங்கடை பின்சீற்றிலைதான் அடிக்குது அண்ணை."

மூண்டாந்தரம் திறபட்டுது

தரிப்பிடத்திலை நிப்பாட்டி, இறங்கி ஓடினன். அவசரத்திலை திறப்புப் பூட்டுக்கை போகுதில்லை. உள்ளுக்கை ஒரு சத்தமும் இல்லை. ஜெசிந்தா ரெண்டு கையாலையும் கதவிலை அடிச்சு "தம்பி, தம்பி" எண்டு கூப்பிடுறா. மூண்டாந்தரம்தான் திறபட்டுது.

உள்ளுக்கை முழுக்க வெள்ளை. மாப் பை வெடிச்சு எல்லா இடமும் மா. ரூபன் மேசைக் காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிலத்திலை இருந்தான். நெத்தி வெடிச்சு, மாவுக்குள்ளாலை ரத்தம் வழியுது. கிடாரம் அவன் படுத்திருந்த கட்டிலின்ரை தலைமாட்டிலை போய்க் கிடந்தது. ஜெசிந்தா முதல் அவன்ரை கன்னத்திலை ஒண்டு குடுத்தா, பிறகு கட்டிப்பிடிச்சு அழுதா. நான் படியிலை இருந்திட்டன். அவன் தண்ணி குடிச்சு, மூச்சு வந்தாப்பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "வெளியிலை பாய்வம் எண்டு ரெண்டு தரம் கதவைத் தள்ளினனான் அண்ணை, திறபடேல்லை."

காத்து நிக்கும்வரை

அந்த ஓட்டத்திலை பாஞ்சிருந்தால் ஆள் இல்லை. உள்ளுக்கை பார்க்காமல் ஒரு மனிசனை வைச்சுப் பூட்டினது என்ரை பிழை, அந்தப் பிழையாலைதான் அவன் இருக்கிறான். இதுக்குச் சந்தோசப்படுறதோ வெக்கப்படுறதோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை. அவனிட்டை மன்னிப்புக் கேட்டன். அழுகையும் வந்திட்டுது, மறைக்கேல்லை.

அவசர உதவிக்காரர் வந்து ரூபன்ரை காயத்தைக் கழுவிக் கட்டி, பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். அவை போன கையோடை மரியதாஸ் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். அரிசியை மாத்தி வைப்பம், மெல்லப் போவம், இப்ப எடுத்தாலும் பவனிக்குப் போயிடலாம் எண்டார். காத்து நிக்காமல் சில்லு உருளாது எண்டன். வேறை ஆளைக் கூப்பிடுவன் எண்டார். கூப்பிடுங்கோ எண்டு வீறாப்பாச் சொன்னாலும் உள்ளுக்கை எனக்குப் பயம்தான். லாச்சப்பலிலை ஒருத்தர் கோவிச்சால் பிறகு பத்துப் பேர் என்ரை நம்பரை மறந்துபோவினம். அவர் குரலை உயர்த்தினார்: "இது பிள்ளைக்கு வைச்ச நேத்தி அண்ணை! தவறினால் ஆர் பதில் சொல்லுறது?" அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடந்த மாசங்களை லாச்சப்பலிலை அறியாத ஆள் இல்லை.

ஜெசிந்தா கரவானுக்குள்ளை மாவைக் கூட்டிக்கொண்டிருந்தவ, தும்புத்தடியோடை வாசலுக்கு வந்தா. "இஞ்சேருங்கோ," எண்டா புருசனைப் பார்த்து. "நேத்தி வைச்சது ஒரு உயிர் தப்பினதுக்கு. இன்னொரு உயிரைக் குடுத்து அதைத் தீர்க்கச் சொல்லி மாதா கேட்டவவோ?" மரியதாஸ் மணிக்கூட்டைக் கழட்டிப் பொக்கற்றுக்கை போட்டார்.

பின்னேரம் ஆறு மணிக்குத்தான் காத்து அடங்கினது. அரிசியைச் சில்லுக்கு மேலை வைச்சுத் திரும்பத் தராசிலை பார்த்தம். இந்தமுறை மரியதாஸே குனிஞ்சு இலக்கத்தை வாசிச்சார். இடையிலை ஒரு இடத்திலை தங்கி, அடுத்த நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தம். நேத்திக்குச் சொன்ன பவனி முடிஞ்சுபோச்சு. அண்டைக்குப் பின்னேரப் பவனியிலை ஜெசிந்தா ஒரு கையிலை பிள்ளையையும் மற்றக் கையிலை தம்பியையும் பிடிச்சுக்கொண்டு நடந்தா. அவவின்ரை மெழுகுதிரியை மரியதாஸ்தான் பிடிச்சுக்கொண்டு வந்தார். நான் சைவக்காரன், நானும் ஒரு திரியைக் கொழுத்திக்கொண்டு பின்னாலை நடந்தன்.

திரும்பி வாற அண்டு, வான்ரை முன்கதவைத் திறந்து வைச்சு, இந்தச் சீற்று உனக்குத்தான் எண்டு ரூபனைக் கூப்பிட்டன். கட்டுப் போட்ட தலையை மெல்ல ஆட்டினான்: "கோவமில்லை அண்ணை, நான் ரெயினிலை வாறன்."

காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்கும் எண்டு முதல் நாளே சொல்லிப்போடுவாங்கள், எங்கடை சனத்தின்ரை பாசம் எந்தப் பக்கத்தாலை அடிக்கும் எண்டு சொல்லத்தான் இன்னும் ஒருத்தனும் பிறக்கேல்லை.